நெட்லோகோவின் புல்வெளியில் மண் இல்லை: மேய்ச்சல் நிலப் பாடத்துக்கு எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

ஒரு மேய்ச்சல் நிலம் எத்தனை ஆட்டைத் தாங்கும்? சூழலியல் வகுப்பில் இந்தக் கேள்வி பெரும்பாலும் 'தாங்குதிறன்' என்ற ஒற்றைச் சொல்லோடும் கரும்பலகையில் ஒரு வளைகோட்டோடும் முடிந்துபோகிறது. மாணவர் அந்தக் கோட்டை அப்படியே வரைந்து மதிப்பெண் வாங்கிவிடுவார். கோடு ஏன் அந்த உயரத்தில் போய்ப் படுக்கிறது என்று கேட்டால் விழிப்பார். அந்த இடைவெளியை நிரப்ப, ஆடு, புல் என்று ஒவ்வொன்றுக்கும் விதி எழுதித் திரையில் ஓடவிட்டுப் பார்க்கும் நெட்லோகோ மிகப் பொருத்தமான மென்பொருள். ஆனால் இறக்கிய மேனிக்கு அப்படியே வகுப்பில் ஓட்டினால், நிலத்தைப் பற்றி ஒரு தவறான எண்ணத்தையும் சேர்த்தே ஊன்றிவிடும். எங்கே உதவும், எங்கே ஏமாற்றும் என்று இரண்டையும் பார்ப்போம்.

யூரி வில்லென்ஸ்கி உருவாக்கிய நெட்லோகோ 1999இல் வெளிவந்தது. அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் அவர் நடத்தும் மையம் இன்றுவரை அதைப் பராமரித்துவருகிறது. காசு கிடையாது, மூல நிரலும் திறந்தே இருக்கிறது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். ஜாவா அதனுள்ளேயே வந்துவிடுவதால் தனியாக நிறுவ வேண்டாம். ஒருமுறை நிறுவிவிட்டால் இணையம் தேவையில்லை. நெட் அடிக்கடி போகும் கணினி லேபுக்கு இந்த ஒன்றே போதுமான காரணம். பெரிய கணினியும் வேண்டாம், பழைய மடிக்கணினியிலேயே ஓடும்.

கூடவே வரும் மாடல்ஸ் லைப்ரரியில், உயிரியல் பிரிவில், ஓநாய்–செம்மறி மாடல் இருக்கிறது. நிலப் பயன்பாட்டுப் பாடத்துக்குத் தொடங்க வேண்டிய இடம் அதுதான். திரையில் 51க்கு 51 என்று மொத்தம் 2,601 சிறு கட்டங்கள். பச்சை என்றால் புல், பழுப்பு என்றால் மேய்ந்து தீர்ந்த தரை. மாடலின் காலம் டிக் டிக்காக, ஒவ்வொரு படியாக நகரும். ஒவ்வொரு டிக்கிலும் செம்மறி இஷ்டத்துக்குத் திரும்பி ஓர் அடி நகரும், சக்தியில் 1 இழக்கும். நிற்கும் கட்டம் பச்சையாக இருந்தால் மேய்ந்து 4 பெறும், கட்டம் பழுப்பாகும். சக்தி பூஜ்யத்துக்குக் கீழே போனால் சாகும். 4 சதவீத வாய்ப்பில் குட்டி போடும். போட்டால் தாயின் சக்தி பாதியாகும். மேய்ந்த கட்டத்தில் 30 டிக் கழித்துப் புல் திரும்ப வரும். செம்மறிக்கும் புல்லுக்கும் விதிகள் இவ்வளவுதான்.

ஓட்டும் முன் ஒன்றைச் சரிபார்க்க வேண்டும். மேலே உள்ள தேர்வுப் பெட்டியில் புல் சேர்ந்த வடிவம் இருக்கிறதா என்று பாருங்கள். புல் இல்லாத வடிவம் தேர்வாகியிருந்தால் செம்மறிக்குப் பசியே கிடையாது. ஓநாயை 0 ஆக்கி ஓட்டினால் டிக்குக்கு 4 சதவீதம் என்று பெருகி, 100 ஆடு சுமார் 145 டிக்கில் 30,000ஐத் தாண்டும். பூமி இனி ஆடுகளுக்கே என்ற பொருளில் ஒரு செய்தி எழும், மாடல் நின்றுவிடும். வகுப்பில் 'சார், இது கெட்டுப்போச்சு' என்ற குரல் எழுவது பெரும்பாலும் இதனால்தான்.

இன்னொரு பொறி வரைபடத்தில் இருக்கிறது. பச்சைக் கோடு புல் கட்டங்களின் எண்ணிக்கையை அப்படியே காட்டாது, நாலால் வகுத்துக் காட்டும். செம்மறிக் கோட்டோடு ஒரே அளவில் தெரிய வேண்டும் என்பதற்காகச் செய்தது. குறிப்பில் சின்ன எழுத்தில் போட்டிருந்தாலும் யார் கண்ணிலும் படாது. கோடு 160இல் நின்றால் தரையில் 640 புல் கட்டம் இருக்கிறது என்று பொருள். இதை முதலிலேயே சொல்லிவிடாவிட்டால் அடுத்து வரும் கணக்கு எதுவும் ஒட்டாது.

இந்த மாடலின் உண்மையான பலம் அந்தக் கணக்கில்தான் இருக்கிறது. ஓநாய் 0, செம்மறி 100, புல் திரும்பும் நேரம் 30 என்று வைத்து, ஓட்டும் முன்பே தாளில் போட வையுங்கள். கூட்டம் பெருகாமல் குறையாமல் நிற்க வேண்டுமானால், ஒரு செம்மறி டிக்குக்கு இழக்கும் 1 அதற்குத் திரும்பக் கிடைக்க வேண்டும். ஒரு மேய்ச்சலுக்கு 4 கிடைப்பதால், நாலு அடிக்கு ஒரு முறை புல்லில் கால் பட்டால் போதும். அதாவது நிலத்தில் சுமார் கால்வாசி பச்சை. மீதி முக்கால்வாசி, ஏறக்குறைய 1,950 கட்டம், பழுப்பு. அவை 30 டிக்கில் ஒரு சுற்று முளைத்தால் டிக்குக்கு 65 கட்டம் புல். ஒரு செம்மறிக்கு டிக்குக்குக் கால் கட்டம் என்றால் 65ஐ நாலால் பெருக்க, 260 செம்மறி.

இப்போது ஓட்டிப் பார்த்தால் எண்ணிக்கை முதலில் எகிறும், சரியும், பிறகு 260ஐ ஒட்டி, அதற்குச் சற்றுக் கீழே ஆடிக்கொண்டிருக்கும். ஏன் கீழே? குட்டி தாய்க்கு ஓர் அடி பக்கத்திலேயே பிறக்கிறது. ஒரே கட்டத்தில் இரண்டு நின்றால் ஒன்றுக்குத்தான் புல். தாளில் போட்ட கணக்கு ஆடுகள் சீராகப் பரவியிருப்பதாக எண்ணியது. திரையில் அவை குவிகின்றன. தாளுக்கும் திரைக்கும் உள்ள இந்த வித்தியாசத்தை மாணவரே கண்டுபிடிக்கும் நேரம் முழுப் பாடவேளைக்கும் சமம்.

அதே கணக்கை வைத்து இன்னும் இரண்டு சோதனை செய்யலாம். புல் திரும்பும் நேரத்தை 60 ஆக்கினால் 130 செம்மறி. எல்லாரும் சரியாகச் சொல்வார்கள். அடுத்து, மேய்ச்சலில் கிடைக்கும் சக்தியை 4இலிருந்து 8 ஆக்குங்கள். சத்தான புல், நிலம் இன்னும் பசுமையாக இருக்கும் என்றுதான் பெரும்பாலோர் எதிர்பார்ப்பார்கள். கணக்கு வேறு சொல்கிறது: எட்டு அடிக்கு ஒரு முறை புல் கிடைத்தாலே ஆடு பிழைத்துக்கொள்ளும், எனவே பச்சை எட்டில் ஒரு பங்காகச் சுருங்கும், ஆடு 600ஐத் தொடும். தீவனம் நன்றாக அமைந்தும் நிலம் வெறிச்சோடும், ஆட்டை நிறுத்த வேறு கட்டுப்பாடு இல்லாதவரை. பிறப்பு வீதத்தை 4இலிருந்து 8 ஆக்கினால் கூட்டம் இரட்டிக்காது என்பதும் இதே கணக்கில் அடங்கும், அதில் பிறப்பு வீதம் எங்குமே வரவில்லையே.

இவ்வளவு நல்லதைச் சொன்ன பிறகு குறைக்கு வருவோம். அது பெரிய குறை. இந்தப் புல்லுக்குக் களைப்பே கிடையாது. ஆயிரம் முறை மேய்ந்தாலும் அதே 30 டிக்கில் அதே புல் திரும்ப வந்து நிற்கும். அரிப்பு இல்லை, வேர் சாவதில்லை, முள்செடி ஏறுவதில்லை. மண் என்ற ஒன்றே இந்த உலகத்தில் இல்லை. 'அதிகம் மேய்த்தால் ஆடு குறையும், பிறகு எல்லாம் தானே சரியாகிவிடும்' என்பதே மாணவர் எடுத்துப்போகும் பாடம். நிலைத்த நிலப் பயன்பாட்டைச் சொல்லித்தர வந்த இடத்தில் இதைவிடத் தவறான பாடம் இருக்க முடியாது. இறக்கிய மேனிக்கு ஓட்டக் கூடாது என்று சொன்னது இதற்காகத்தான்.

நல்லவேளை, மண்ணைச் சேர்ப்பது ஆறு வரி வேலை. முதலில் ஃபைல் மெனுவில் சேவ் ஆஸ் கொடுத்து வேறு பெயரில் ஒரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். கோட் டேபைத் திறந்து, கட்டங்களுக்குச் சொந்தமான மாறிகள் அறிவிக்கப்படும் பேட்சஸ்-ஓன் வரியில், ஏற்கெனவே இருக்கும் கவுன்ட்டவுன் (புல் திரும்ப இன்னும் எத்தனை டிக் என்ற எண்ணிக்கை) பக்கத்தில் மண்வளத்தைக் குறிக்க சாயில் என்று ஒரு மாறியைச் சேருங்கள். இதை மறந்துவிட்டுக் கீழே பயன்படுத்தினால், அப்படி ஒன்று வரையறுக்கப்படவில்லை என்று மஞ்சள் பட்டையில் பிழை வரும். செட்டப் பகுதியில் எல்லாக் கட்டத்துக்கும் சாயில் 1 என்று கொடுங்கள். செம்மறி மேயும் பகுதியில், மேய்ந்த கட்டத்தின் சாயில் மதிப்பை 0.95ஆல் பெருக்குங்கள். புல் வளரும் பகுதியில், கட்டம் பச்சையாக இருக்கும் ஒவ்வொரு டிக்கிலும் 0.001 கூட்டுங்கள், 1ஐத் தாண்டாமல். கடைசியாக, புல் திரும்பும் நேரம் இனி வெறும் 30 இல்லை, 30ஐ சாயில் மதிப்பால் வகுத்தது.

அந்தக் கடைசி வரியை எங்கே எழுதுவது என்பதில்தான் பலர் வழுக்குகிறார்கள். மூல நிரலில் கவுன்ட்டவுன் திரும்ப 30 ஆவது புல் முளைக்கும் நேரத்தில். அதாவது அடுத்த மேய்ச்சலுக்கான காத்திருப்பு, மேய்வதற்கு முன்பே தீர்மானமாகிவிடுகிறது. வகுத்தலை அங்கேயே எழுதினால் இன்றைய மேய்ச்சலின் சேதம் அடுத்த சுற்றில்தான் தெரியும். பிழைச்செய்தி எதுவும் வராது, மாடல் அமைதியாக ஒரு சுற்று பின்தங்கி ஓடும். எனவே கவுன்ட்டவுனை மேயும் பகுதிக்கு மாற்றி, சாயிலைக் குறைத்த வரிக்கு அடுத்த வரியில் வையுங்கள். சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு பழுப்புக் கட்டத்தின் மேல் வலது கிளிக் செய்து இன்ஸ்பெக்ட் கொடுத்தால், அந்த ஒரு கட்டத்தின் எல்லா மதிப்புகளும் தனிப் பெட்டியில் ஓடும்.

இனி மறுபடியும் தாளுக்கு வாருங்கள். கால்வாசி பச்சை என்ற விதி மாறவில்லை, ஒரு கட்டம் பழுப்பாக இருக்கும் நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு பச்சையாக இருக்கும். சுற்றுக்கு 5 சதவீத இழப்பும், பச்சையாக இருக்கும்போது வரும் மீட்பும் சமமாகும் புள்ளியைத் தேடினால் சாயில் சுமார் 0.45இல் வந்து நிற்கும். புல் திரும்ப 67 டிக். ஆடு 116. அதே பரப்பு, அதே ஆட்டு இனம், தாங்கும் எண்ணிக்கை பாதிக்கும் கீழே.

இதில் இன்னொரு விஷயம் ஒளிந்திருக்கிறது. இந்த இறக்கம் மெதுவாக நடக்கும். 500 டிக்கில் நிறுத்திவிட்டால் கோடு இன்னும் சரிவின் நடுவில்தான் இருக்கும். 'கொஞ்சம் குறைந்திருக்கிறது' என்று எழுதிவிட்டு மாணவர் கிளம்பிவிடுவார். நிலைக்கு வரச் சில ஆயிரம் டிக் தேவை. நிலச் சீர்கேட்டை மனிதர்கள் கவனிக்காமல் போவதும் இப்படித்தான், பார்க்கும் காலம் மண்ணின் காலத்தைவிடக் குட்டையாக இருப்பதால். 4,000 டிக் ஓட்டும்போது வியூ அப்டேட்ஸ் பெட்டியில் உள்ள சரிக்குறியை எடுத்துவிடுங்கள். படம் வரையும் வேலை மிச்சமாகி ஓட்டம் பல மடங்கு வேகமெடுக்கும்.

மண்ணைச் சேர்த்ததும் மாணவர் கேட்கும் அடுத்த கேள்வி அநேகமாகப் புழுக்கையைப் பற்றித்தான் இருக்கும். ஆடு தின்பதோடு நிற்பதில்லையே. அறுவடை முடிந்த வயலில் கிடை போடக் கீதாரிகள் வருவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இதை விளக்கவே வேண்டாம். செம்மறி நிற்கும் கட்டத்தில் சாயிலைச் சிறிது கூட்டும் வரி ஒன்று போதும். அதைவிட நல்ல பயிற்சி: ஒரு மூலையில் 200 கட்டத்தை வயலாக ஒதுக்கி, குறிப்பிட்ட டிக்குக்கு ஒருமுறை எல்லா ஆடும் அங்கே அடைய வையுங்கள். பகலில் புறம்போக்கில் மேய்ந்தது இரவில் வயலில் விழும். வயலின் சாயில் ஏற, மேய்ச்சல் தரையின் சாயில் இறங்குவது கண்முன் தெரியும். கிடை வளத்தை உண்டாக்குவதில்லை, ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுசேர்க்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் வழி இல்லை.

சுழற்சி மேய்ச்சலையும் செய்து பார்க்கலாம். நிலத்தை நாலாகப் பிரித்து, ஒரு நேரத்தில் ஒரு பாகத்தில் மட்டும் ஆடு. அதற்கு முன் செட்டிங்ஸில் உலகம் சுற்றிவரும் வசதியை நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் வலது ஓரம் போன ஆடு இடது ஓரத்தில் நுழைந்துவிடும். நிறுத்தினால் வேறொரு தொல்லை: சுவரில் முட்டிய ஆடு அங்கேயே நின்று ஓரத்துப் புல்லை மட்டும் மொட்டையடிக்கும். எதிரே கட்டம் இல்லையென்றால் திரும்பிக்கொள் என்று ஒரு நிபந்தனை சேர்த்தால் சரியாகும். முடிவைச் சொல்லும்போது மட்டும் கவனம் தேவை. பச்சையாக இருக்கும்போதுதான் மண் தேறும் என்று நாம்தான் எழுதினோம். ஓய்வு கொடுத்தால் நல்லது என்று மாடல் சொன்னால் அதில் பாதி நாம் வாயில் வைத்த சொல். சுழற்சி மேய்ச்சலின் பலன் குறித்து மேய்ச்சல்வெளி ஆய்வாளர்களிடையே இன்றும் வாதம் இருக்கிறது, இந்த மாடலை வைத்து அதற்குத் தீர்ப்பெழுத முடியாது.

ஒரே ஓட்டத்தை வைத்து முடிவெடுக்கும் பழக்கத்தையும் உடைக்க வேண்டும். நகர்வு, பிறப்பு எல்லாமே பகடைதான், ஒவ்வொரு ஓட்டமும் வேறு எண் தரும். டூல்ஸ் மெனுவில் இருக்கும் பிஹேவியர்ஸ்பேஸ் இதற்கான கருவி. புல் திரும்பும் நேரத்துக்கு 15, 30, 60 என்று கொடுத்து, ஒவ்வொன்றையும் 10 முறை ஓட்டச் சொன்னால் 30 ஓட்டம். இங்கே எல்லாரும் ஒருமுறையாவது மாட்டும் இடம், ஒவ்வொரு டிக்கிலும் அளவிடு என்ற பெட்டி. அது முன்கூட்டியே தேர்வாகியே இருக்கும். 1,000 டிக் ஓட்டினால் 30,000க்கும் மேற்பட்ட வரிகள் கொண்ட அட்டவணை வந்து விழும். கடைசி எண்ணிக்கை மட்டும் போதுமென்றால் அதை எடுத்துவிடுங்கள், 30 வரியில் முடியும். மாறாக, வகுப்பில் எல்லார் திரையிலும் ஒரே எண் வர வேண்டுமென்றால் செட்டப்பின் தொடக்கத்தில் ரேண்டம்-சீட் கட்டளையோடு ஒரே எண்ணைக் கொடுத்துவிட்டால் போதும்.

மற்ற மாடல்களைச் சுருக்கமாகச் சொல்லலாம். காட்டுத்தீ மாடல் எளிமையானது, கூர்மையானது: மரங்களின் அடர்த்தி 59 சதவீதத்தை ஒட்டி வரும்போது தீ சட்டென்று மறுகரை தொட ஆரம்பிக்கும், 55இல் தொடாது. மண்ணரிப்பு மாடலில் மழை, மண்ணின் கெட்டித்தன்மை இரண்டையும் மாற்றி ஓடை அறுப்பதைப் பார்க்கலாம். பார்க்க அழகு, ஆனால் நிலத்தின் மேல் செடியோ உழவோ இல்லாததால் பாடத்துக்குப் பாதிதான் உதவும். கணினி நில வரைபடங்களைப் படிக்கும் ஜிஐஎஸ் நீட்சி மூலம் சொந்த ஊர் வரைபடத்தையே உள்ளே கொண்டுவரலாம். வரைபடக் கோப்பான ஷேப்ஃபைலை மட்டும் காப்பி செய்து கூட வரும் டிபிஎஃப், பிஆர்ஜே கோப்புகளை விட்டுவிடுவது, உலக எல்லையை அமைக்கும் கட்டளையைக் கொடுக்காமல் வரையச் சொல்வது, இரண்டும் வழக்கமான சறுக்கல்கள். ஏரி எல்லையும் மேய்க்கால் எல்லையும் திரையில் வந்தவுடன் பிள்ளைகளின் முகம் மாறுவதற்காக இந்தச் சிரமத்தைப் படலாம்.

தமிழ் இடைமுகம் இல்லை. பட்டன்களின் பெயரையும் விளக்கக் குறிப்புகளையும் தமிழில் மாற்றி எழுதிக்கொள்ளலாம், கட்டளைகள் ஆங்கிலமே. 7ஆம் பதிப்பில் கோப்பு வடிவம் மாறிவிட்டதால், அதில் சேமித்ததை 6ஆம் பதிப்பு திறக்காது. லேபின் எல்லாக் கணினியிலும் ஒரே பதிப்பு இருக்கட்டும். இந்த நிலத்தில், இந்த மழையில், சோளத்துக்கு எத்தனை தண்ணீர் என்பது போன்ற நேரடி விடை தேவைப்படுவோர் இங்கே வர வேண்டாம். ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் அக்வாகிராப் அதற்கென்றே செய்தது, அதுவும் இலவசம்.

பல கணினிகளை இணைத்து எல்லாரும் ஒரே மாடலில் சேர்ந்து பங்கேற்க நெட்லோகோவில் இருக்கும் வசதி ஹப்நெட். அந்தத் தொகுப்பில் இருக்கும் பொதுநிலச் செயல்பாட்டைத் தவறவிடாதீர்கள். ஒவ்வொரு மாணவரும் ஒரு வெள்ளாடு வளர்ப்பவர், நிலம் எல்லாருக்கும் பொது, சுற்றுக்குச் சுற்று எத்தனை ஆடு சேர்ப்பது என்பது அவரவர் முடிவு. எல்லாக் கணினியும் ஒரே நெட்வொர்க்கில் இருக்க வேண்டும். இணையாவிட்டால் முதலில் விண்டோஸ் ஃபயர்வாலைப் பாருங்கள், வழக்கமாக 9173ஆம் போர்ட்டைத்தான் அது மறித்திருக்கும். இந்தச் செயல்பாடு சூழலியலாளர் கேரட் ஹார்டின் 1968இல் வைத்த வாதத்தின் வழியில் நடக்கிறது: பொதுநிலம் என்றால் அழிவு. ஊர்கள் தமக்குள் விதி வகுத்துப் பொதுநிலத்தைத் தலைமுறைகளாகக் காத்ததை உலகெங்கும் ஆராய்ந்து காட்டியவர் எலினோர் ஆஸ்ட்ராம். 2009இல் பொருளியல் நோபல் பெற்றார். இரண்டு பக்கத்தையும் மாணவர் அனுபவிக்க ஒரே செயல்பாட்டை இருமுறை நடத்துங்கள். முதல் முறை யாரும் பேசக் கூடாது. இரண்டாம் முறை ஒவ்வொரு சுற்றுக்கும் முன்பு ஐந்து நிமிடம் கூடிப் பேசி, தலைக்கு எத்தனை ஆடு, மீறினால் என்ன என்று அவர்களே முடிவு செய்யட்டும். முதல் முறை முடிந்ததும் வரைபடத்தின் மேல் வலது கிளிக் செய்து எக்ஸ்போர்ட் கொடுத்துச் சேமித்துவிடுங்கள். அடுத்து செட்டப் அழுத்தினால் அது அழிந்துவிடும், பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்ட எதுவும் இருக்காது.